அடைப்பு இல்லை, ஓட்டம்தான் மந்தம்

நெஞ்சுவலி என்று வந்தவருக்கு ஆஞ்சியோ எடுக்கிறார்கள். அடைப்பு ஒன்றுமில்லை, நிம்மதியாகப் போங்கள் என்கிறார்கள். வலியோ திரும்பத் திரும்ப வருகிறது, அதுவும் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே. 'கேஸ் டிரபிள்' என்று பெயர் வைத்துவிடுவது சுலபம். ஆனால் இவர்களில் சிலருக்கு, அடைப்பே இல்லாத இதயத் தமனியில் ரத்தம் மந்தமாக ஓடுகிறது. 1972இல் மருத்துவ ஏட்டில் இடம்பெற்ற கோளாறு இது. புகைபிடிக்கும் ஆண்களிடம் அதிகம் காணப்படுகிறது.

மந்தத்தை எப்படி அளப்பது? படங்களை எண்ணித்தான். ஆஞ்சியோ என்பது தமனிக்குள் சாயம் செலுத்தி, நொடிக்கு 30 படம் என்று எடுக்கும் எக்ஸ்ரே சினிமா. தமனியின் வாயைச் சாயம் அகலம் முழுக்க நிரப்பி நகரத் தொடங்கும் படம் முதலாவது. குறித்த எல்லையைத் தொடும் படம் கடைசி. இதயத்தின் முன்புறம் இறங்கும் தமனிக்கு, நுனியில் அது இரண்டாகப் பிரியும் இடமே எல்லை. அதன் வடிவத்தைப் பார்த்து 'மீசை' என்பார்கள், 'திமிங்கல வால்' என்பதும் உண்டு. மைக்கேல் கிப்சனும் சகாக்களும் 1996இல் வகுத்த முறை இது. இந்தத் தமனி மற்றவற்றைவிட நீளம் என்பதால், எண்ணி வந்ததை 1.7ஆல் வகுக்கிறார்கள். விடை 21ஐ ஒட்டி இருந்தால் இயல்பு. 27ஐத் தாண்டினால் மந்தம்.

கோளாறு பெரும்பாலும் ஆஞ்சியோவில் தெரியாத நுண்குழாய்களில் இருக்கிறது என்று கருதுகிறார்கள். அங்கே உட்சுவர் சரியாக விரிந்துகொடுப்பதில்லை. இந்த நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்த பல ஆய்வுகளில், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., இன்டர்லூகின்-6 இரண்டும் கூடுதலாக இருந்தன. பெருந்தமனிகளும் விறைத்திருந்தன.

விறைப்பை அறியக் கத்தி வேண்டாம். கழுத்திலும் தொடை இடுக்கிலும் உணர்கருவி வைத்து, நாடி அலை ஓரிடத்திலிருந்து மற்றதற்குப் போகும் வேகத்தைக் கணக்கிடுகிறார்கள். வெயிலில் காய்ந்த ரப்பர் குழாய் மாதிரி சுவர் விறைக்க விறைக்க அலை விரைகிறது. நொடிக்கு 10 மீட்டரைத் தாண்டினால் விறைப்பு அதிகம் என்று கொள்கிறார்கள். ரத்தம் அந்த வேகத்தில் ஓடுவதில்லை, அலைதான் ஓடுகிறது.

இதயத்துக்கு இதனால் என்ன? இடது இதயத் தசை தனக்கான ரத்தத்தைப் பெரும்பாலும் சுருங்கும்போது பெறுவதில்லை, தளரும்போதுதான் பெறுகிறது. உடலின் கீழ்ப்பகுதியில் மோதித் திரும்பும் அலை, இளகிய தமனியில் அந்தத் தளர்வு நேரத்தில் வந்து சேர்ந்து ரத்தத்தை இதயத் தமனிக்குள் தள்ளிவிடும். விறைத்த தமனியில் அது முன்கூட்டியே, இதயம் இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும்போதே வந்துவிடுகிறது. இதயத்துக்குச் சுமை கூடுகிறது, தளர்வில் கிடைக்க வேண்டிய அழுத்தம் குறைகிறது. எனக்கு இந்தக் கோளாறில் மிகவும் சுவாரஸ்யமாகப் படுவது இந்த நேரப்பிசகுதான்.

அதற்காக அழற்சி விறைப்பைத் தந்தது, விறைப்பு மந்தத்தைத் தந்தது என்று கோடு போட்டுவிட முடியாது. மூன்றும் சேர்ந்து காணப்படுகின்றன, அவ்வளவுதான். சி.ஆர்.பி.யை நம்பித் தீர்ப்பெழுதவும் முடியாது. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் என்றால் இதயநோய் அபாயம் அதிகம் என்பது பொதுவான அளவுகோல். ஆனால் ஈறு வீக்கமோ சளிக்காய்ச்சலோகூட அந்த எண்ணை உயர்த்திவிடும். 10ஐத் தாண்டினால் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பதுதான் வழக்கம்.

படங்களை எண்ணப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். பதிவு ஏற்கெனவே சி.டி.யில் இருக்கிறது. பல இடங்களில் இப்போது நொடிக்கு 15 படம்தான் எடுக்கிறார்கள். அப்படியானால் எண்ணி வந்ததை இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும்.