மார்ச் 13: முத்துகிருஷ்ணனை எப்படி நினைப்பது?

மார்ச் 13 என்றதும் திருப்பூர் மாவட்டத்தில் உள்ளவர்களுக்கு உடுமலை சங்கர் நினைவுக்கு வருவார். 2016-ம் ஆண்டு அந்த நாளில், பட்டப்பகலில், உடுமலை பேருந்து நிலையப் பகுதியில் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். குமரலிங்கத்தைச் சேர்ந்த அந்தப் பொறியியல் மாணவருக்கு அப்போது வயது 22.

சரியாக ஓராண்டு கழித்து, 2017 மார்ச் 13 அன்று, டெல்லியில் இன்னொரு தலித் மாணவர் இறந்துபோனார். சேலத்துக்காரர். பெயர் முத்துகிருஷ்ணன். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜேஎன்யு) வரலாற்றுத் துறையில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தவர். சங்கரை நாம் மறக்கவில்லை. ஆனால், இன்று கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் முத்துகிருஷ்ணனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

விடாமல் எழுதிய தேர்வு

முத்துகிருஷ்ணனின் அப்பா காவலாளி வேலை பார்த்தவர். சேலத்திலிருந்து ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன முத்துகிருஷ்ணனுக்கு ஜேஎன்யு பெருங்கனவாக இருந்தது. முதல் முயற்சியில் இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டும் எழுதினார். அதற்கடுத்த ஆண்டும் எழுதினார். கிடைத்த சின்னச் சின்ன வேலைகளைச் செய்து, வயிற்றைக் கட்டிப் பணம் சேர்த்து, ரயிலேறிப் போய்த் தேர்வு எழுதினார். 2016-ல் இடம் கிடைத்ததும் அந்த அனுபவத்தை முகநூலில் எழுதினார். அவர் எளிமையான மொழியில் பேசுவதாக ஒரு முறை நேர்காணலில் சொல்லப்பட்டதையும் அதில் பதிவு செய்திருந்தார்.

நல்லூர், காங்கயம் சாலைப் பகுதி மக்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. அம்மா செக்கிங், அப்பா அயர்னிங் என்று போகும் வீடுகளிலிருந்துதான் பிள்ளைகள் சிக்கண்ணா கல்லூரிக்கும் எல்.ஆர்.ஜி. கல்லூரிக்கும் போகிறார்கள். லீவு விட்டால் பனியன் கம்பெனியில் கைமடியாக நின்று அடுத்த பருவத்துக்கான கட்டணத்தைச் சேர்க்கும் மாணவர்கள் இங்கே உண்டு. அவர்களில் ஒருவரைப் போன்றவர்தான் முத்துகிருஷ்ணனும். ரஜினி ரசிகர். முகநூலில் ‘ரஜினி கிரிஷ்’ என்ற பெயரில் எழுதிவந்தார்.

ரோஹித்துக்காக நின்றவர்

ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். அவரையும் சேர்த்து ஐந்து தலித் மாணவர்கள் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தார்கள். ரோஹித்துக்கு ஏழு மாத உதவித்தொகையும் வராமல் நின்றிருந்தது.

வெளியேற்றப்பட்ட மாணவர்கள் வளாகத்துக்குள்ளேயே திறந்தவெளியில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். அதற்கு ‘வெளிவாடா’ என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் அது சேரியைக் குறிக்கும் சொல். ரோஹித் இறந்த பிறகு அதுவே நினைவிடமாகவும் போராட்டக் களமாகவும் ஆனது. அந்த நீதிப் போராட்டத்தில் முத்துகிருஷ்ணனும் கலந்துகொண்டார். கூடப் படித்தவன் ஏன் செத்தான் என்று கேட்பதே அவனுக்குச் செய்யும் மரியாதை என்பதை அந்த மாணவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

நேர்காணல் என்னும் வாசல்

2016 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஒரு விதியைக் கொண்டுவந்தது. எம்.ஃபில்., பிஎச்.டி. சேர்க்கைக்கு எழுத்துத் தேர்வில் 50 விழுக்காடு எடுத்தால் போதும். ஆனால், அது உள்ளே நுழைவதற்கு மட்டும்தான். யாருக்கு இடம் என்பதை நேர்காணலே முடிவு செய்யும்.

இதில் என்ன தவறு என்று சிலருக்குத் தோன்றலாம். விடைத்தாளைத் திருத்துபவருக்கு எழுதியவரின் முகம் தெரியாது. நேர்காணலில் முகம் தெரியும், ஊர் தெரியும், ஆங்கில உச்சரிப்பு தெரியும். சாதிச் சான்றிதழும் மேஜையில் இருக்கும். ஜேஎன்யு நிர்வாகமே அமைத்த பேராசிரியர் அப்துல் நஃபே தலைமையிலான குழு, எழுத்துத் தேர்வோடு ஒப்பிட்டால் நேர்காணல் மதிப்பெண்ணில் ஒடுக்கப்பட்ட பிரிவு மாணவர்களுக்குப் பாகுபாடு தெரிகிறது என்று கண்டறிந்தது. நேர்காணலுக்கான 30 மதிப்பெண்ணை 15 ஆகக் குறைக்கவும் பரிந்துரைத்தது. வந்த விதியோ நேர்காணலுக்கே முழு அதிகாரம் கொடுத்தது.

இறப்பதற்கு மூன்று நாள் முன்பு முத்துகிருஷ்ணன் முகநூலில் கடைசியாக எழுதியது இதைப் பற்றித்தான். ஆராய்ச்சிச் சேர்க்கையில் சமத்துவம் இல்லை, நேர்காணலில் சமத்துவம் இல்லை, விளிம்புநிலை மக்களுக்குக் கல்வி மறுக்கப்படுகிறது என்று வரிசையாக எழுதியிருந்தார். பல முறை முட்டி மோதித் திறந்த கதவு, தனக்குப் பின்னால் வருபவர்களுக்கு மூடப்படுவதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் உயிரை மாய்த்துக்கொண்டதாக டெல்லி காவல்துறை சொன்னது. குடும்பத்தார் அதை ஏற்காமல் முறையான விசாரணை கேட்டார்கள். ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் என்று வெளியில் இருந்து நாம் எழுதிவிட முடியாது. ஆனால், அவர் கேட்ட கேள்வி எழுத்தில் இருக்கிறது. மாணவர்கள் அந்தக் கேள்வியைப் போராட்டத்துக்கும் நீதிமன்றத்துக்கும் எடுத்துச் சென்றார்கள். 2018-ல் விதி திருத்தப்பட்டது: எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30. ஒடுக்கப்பட்ட பிரிவினருக்கு எழுத்துத் தேர்வின் தகுதி மதிப்பெண்ணில் தளர்வும் வந்தது. அதைப் பார்க்க முத்துகிருஷ்ணன் இல்லை.

அஞ்சலிக்கு அப்பால்

நம் ஊரில் ஒருவர் இறந்தால் மறுநாளே ‘கண்ணீர் அஞ்சலி’ ஃப்ளெக்ஸ் கட்டுகிறோம். கீழே நண்பர்கள் வரிசையாகச் சின்னப் படங்களில் நிற்பார்கள். பத்து நாள் வெயிலில் அது வெளுத்துவிடும். ஃப்ளெக்ஸ் வைப்பது தப்பில்லை. அதோடு நிறுத்திக்கொள்வதுதான் தப்பு.

உடுமலை சங்கரின் நினைவை கௌசல்யா அப்படி நிறுத்தவில்லை. வழக்கில் உறுதியாகச் சாட்சி சொன்னார். சங்கரின் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி மையம் தொடங்கினார். ரோஹித்தின் தாய் ராதிகா வெமுலாவும், 2019-ல் மும்பையில் இறந்த பழங்குடி மருத்துவர் பாயல் தட்வியின் தாயும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் போனார்கள். கல்லூரிகளில் பாகுபாட்டைத் தடுக்க யுஜிசி 2012-லேயே விதி போட்டிருந்தது. அதை நடைமுறைப்படுத்துங்கள் என்பதே அவர்கள் கேட்டது.

நல்லூரில் இருந்தபடி நாமும் செய்ய முடிந்தவை உண்டு. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஆதிதிராவிடர் நலத் துறையின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். சாதி, வருமானச் சான்றிதழ்களைப் பள்ளி முடியும்போதே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. தமிழ்நாட்டில் முழுநேரப் பிஎச்.டி. படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. இது பலருக்குத் தெரிவதில்லை. மேலே படித்துக்கொண்டிருக்கும் அண்ணன், அக்காக்கள் ஊருக்கு வரும்போது, நுழைவுத் தேர்வுக்கு எப்படித் தயாராவது, நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தம்பி, தங்கைகளுக்குச் சொல்லலாம். முத்துகிருஷ்ணனுக்கு அப்படிச் சொல்ல ஆள் இருந்திருந்தால் அத்தனை ஆண்டுகள் அலைந்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் முக்கியம். வெளியூர் விடுதியில் இருக்கும் நம் பிள்ளை பேச்சைக் குறைத்துக்கொண்டால், ‘படிப்பு எப்படிப் போகுது?’ என்பதோடு விட்டுவிடாமல், ‘அங்க உன்னை எப்படி நடத்துறாங்க?’ என்றும் கேளுங்கள். கூடப் படிப்பவர்களும் கேட்க வேண்டும். மனம் தளரும்போது பேச 104, 14416 ஆகிய உதவி எண்கள் எந்நேரமும் உள்ளன.

ரோஹித்துக்காக நீதி கேட்டவர் முத்துகிருஷ்ணன். அவர் முடிக்காமல் விட்ட ஆய்வை, சேலத்திலிருந்தோ நல்லூரிலிருந்தோ போகும் ஒரு பிள்ளை நாளை எழுதி முடிக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குப் பயணச் செலவுக்குப் பணமும், வழி சொல்ல ஆளும் நம் ஊரிலேயே கிடைக்கட்டும்.