கிரிகரி பெக்கும் ஆவடி லோக்கலும்

ஆவடி, அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் சென்னைக்குப் போகிறவர்கள் கடைசியாக இறங்கும் இடத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். மார்க்கெட் எங்கே என்று இன்று யாரும் தேடுவதில்லை. 1900இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடம் 1985 மே மாதம் தீக்கிரையானது. பிறகு அங்கே புறநகர் ரயில் முனையம் எழுந்தது. எங்கள் பக்கத்து ஆங்கிலப் பட ரசிகர்களின் பாதிப் படிப்பு அந்த மார்க்கெட்டில்தான் நடந்தது. அட்டை கிழிந்த ‘போட்டோபிளே’, ‘லைஃப்’ இதழ்களைக் குவியலிலிருந்து உருவி, பேரம் பேசி வாங்கி, அடுத்த ரயிலில் புரட்டிக்கொண்டே வீடு திரும்புவார்கள். இன்று அதே இடத்தில் இறங்கிப் படியேறும் பிள்ளைகளின் கையிலுள்ள போனில் அந்த இதழ்களில் வந்த அத்தனை முகங்களும் இருக்கின்றன.

அன்றைய ரசிகர்கள் யார் என்று கேட்டால் பலர் கான்வென்ட் பிள்ளைகள் என்று நினைப்பார்கள். பெரும்பாலும் ஷிப்டு ஆட்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது 1964இல். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது 1965இல். டிஐ சைக்கிள், டன்லப் என்று சுற்றிலும் ஆலைகள். லேத்து முன்னால் நின்றவர், ஐடிஐ முடித்து அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர், விமானப்படைக் குடியிருப்பில் பஞ்சாபியும் மலையாளியுமாக இருந்தவர்கள் எல்லாருக்கும் பொதுவாக அமைந்தது ஆங்கிலப் படம். ஒருவருக்கும் வசனம் முழுதாகப் புரியாது என்பதால் யாரும் யாருக்கும் குறைந்தவர் இல்லை.

ஞாயிறு என்றால் கூட்டமாகக் கிளம்புவார்கள். சென்ட்ரலில் இறங்கி மவுண்ட் ரோடு வரை நடை. பூந்தமல்லிக்காரர்களுக்கு 54ஆம் நம்பர் பஸ். ஒரு பக்கம் கேசினோ, இன்னொரு பக்கம் ஓடியன், மிட்லண்ட். 1964இல் ‘கிளியோபாட்ரா’வுடன் திறந்த சபையர் வளாகத்தில் சபையர், எமரால்டு, ப்ளூ டயமண்ட் என்று மூன்று தியேட்டர்கள். ப்ளூ டயமண்டில் காலையிலிருந்து இரவு வரை படம் இடைவிடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், ஒரே டிக்கெட்டில் இரண்டு தடவை பார்க்கலாம். நைட் ஷிப்டு முடித்து ஏசிக்காகவே வந்து தூங்கியவர்களும் உண்டு. அவர்களையும் ரசிகர்கள் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

அந்தத் தலைமுறைக்குப் பழைய படங்கள் இத்தனை மனப்பாடமானதற்கு ரசனை மட்டும் காரணம் இல்லை. அமெரிக்கப் படக் கம்பெனிகளுக்கும் இந்திய அரசுக்கும் இருந்த ஒப்பந்தம் 1971இல் முடிந்தது. இங்கே வசூலான பணத்தில் எவ்வளவை வெளியே கொண்டு போகலாம் என்ற இழுபறியில் சில ஆண்டுகள் புதுப்படங்களின் வரத்து சுருங்கியது. கைவசம் இருந்த பிரிண்டுகளையே திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். ‘கன்ஸ் ஆஃப் நவரோன்’, ‘ஹடாரி’, ‘வேர் ஈகிள்ஸ் டேர்’, ‘பென்ஹர்’. டில்லியில் நடந்த அந்நியச் செலாவணிச் சண்டையின் பலனை அம்பத்தூர் ஃபிட்டர் அனுபவித்தார்.

எல்லாவற்றுக்கும் மேலே ‘மெக்கன்னாஸ் கோல்ட்’. 1969இல் வந்த அந்தப் படம் அமெரிக்காவில் எடுபடவில்லை. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். இங்கே அது கோயில் திருவிழா மாதிரி ஓடியது. தங்கம் தேடி வந்தவர்கள் பொழுது விடிவதற்காகக் காத்திருப்பார்கள். சூரியன் கிளம்பும். ஒற்றைத் தூணாக நிற்கும் பாறையின் நிழல் தரையில் ஊர்ந்து நீண்டுகொண்டே போய், எதிர்மலையில் இருக்கும் வழியைத் தொட்டு நிற்கும். உள்ளே போனால் மலையே தங்கம். இதற்கு எந்த வசனம் வேண்டும்? கிரிகரி பெக்கின் நிமிர்ந்த நடையும் ஒமர் ஷெரீப்பின் சிரிப்பும் போதும். திங்கட்கிழமை கேண்டீனில் ஒருவர் அந்த நிழலை மேசைமேல் விரலால் இழுத்துக் காட்டுவார். பார்க்காதவனுக்கும் பார்த்த மாதிரி ஆகிவிடும். அந்த ருசியில்தான் கர்ணனின் ஒளிப்பதிவும் இயக்கமுமாக ‘காலம் வெல்லும்’, ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ வந்தன. நம் ஜெய்சங்கரே தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரை ஏறினார்.

எண்பதுகளில் புறநகர்த் தியேட்டர்களிலேயே காலைக் காட்சிக்கு ஆங்கிலப் படம் போட்டார்கள். போஸ்டர்கள் போன போக்கில் அந்தக் காட்சிக்கே கெட்ட பெயர் வந்தது. ‘டென் கமாண்ட்மென்ட்ஸ்’ பார்க்கப் போனவனும் தெரிந்தவர் கண்ணில் படாமல் டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது.

1995இல் கேபிள் வழியாக கார்ட்டூன் நெட்வொர்க் வந்தது. இரவானால் டாமும் ஜெர்ரியும் போய், அதே சானலில் எம்ஜிஎம் சிங்கம் கர்ஜிக்கும். டெட் டர்னர் 1986இல் வாங்கிய எம்ஜிஎம்மின் பழைய படக் களஞ்சியம் அப்படித்தான் எங்கள் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. பிள்ளைகள் எழுந்து போக, அப்பாக்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். 2001இல் சானல் முழுநேரக் கார்ட்டூனானதும் அதுவும் நின்றது.

சபையர் இடிந்தது, ஆனந்த் இடிந்தது, மிட்லண்டும் ஓடியனும் வேறு பெயர்களுக்கு மாறிப் பிறகு அடங்கின. ஆனால், மவுண்ட் ரோட்டுக்குப் போக வேண்டிய தேவையே எங்களுக்கு இல்லாமல் போனது. அம்பத்தூர் ராக்கிக்கும் செம்பரம்பாக்கம் ஈவிபிக்கும் ஹாலிவுட் தமிழ் பேசிக்கொண்டே வருகிறது. 2019இல் ‘எண்ட்கேம்’ தமிழில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். குரல் பொருந்தவில்லை என்று சண்டை போட்டார்கள். சண்டை போடும் அளவுக்கு வசனம் புரிந்தது என்பது என் கட்சி.

பழைய படங்களுக்கு வருவோம். இன்றைய ரசிகர் அதிர்ஷ்டசாலி என்று தயங்காமல் சொல்வேன். ஆட்ரி ஹெப்பர்னும் கேரி கிராண்ட்டும் நடித்த ‘ஷரேட்’ 1963இல் வந்தபோது பதிப்புரிமை அறிவிப்பைச் சரியாகப் போடாமல் விட்டார்கள். அதனால் அமெரிக்காவில் அது அன்றே பொதுச்சொத்து. இப்போது யூடியூபில் சும்மா கிடக்கிறது. கீழே எழுத்து ஓடுகிறது. அந்த எழுத்து செய்யும் வேலை சாதாரணமானது இல்லை. எங்கள் தலைமுறை முகத்தையும் குதிரையையும் பாறையையும் ரசித்தது. பேச்சில் ஓடும் படங்கள் எங்களைத் தாண்டிப் போயின. கேரி கிராண்ட் இத்தனை குறும்பாகப் பேசுவார் என்று எனக்கே சப்டைட்டில்தான் சொல்லிக்கொடுத்தது. திருமுல்லைவாயிலில் கல்லூரி படிக்கும் என் அண்ணன் மகள் பில்லி வைல்டர் வசனங்களை ஒப்பிக்கிறாள். விவியன் லீ டார்ஜிலிங்கில் பிறந்தவர், மெர்ல் ஓபரான் பம்பாயில் பிறந்து அதை ஆயுள் முழுக்க மறைத்தவர் என்றெல்லாம் அவளுக்குத் தெரிகிறது.

“சித்தப்பா, உங்க மெக்கன்னாஸ் கோல்ட் பார்த்தேன். இதுக்கா இவ்ளோ பேச்சு?” என்றாள். அவள் பார்த்தது ஆறு அங்குலத் திரையில். அந்த நிழல் அதில் ஊரவே இடம் இல்லை.

‘கில்லி’யை மறுபடி போட்டால் தியேட்டர் நிறைகிறது. 2025இல் ‘இன்டர்ஸ்டெல்லர்’ திரும்ப வந்தபோதும் டிக்கெட்டுக்கு அலைந்தார்கள். வார நாட்களில் காலைக் காட்சிக்குக் காலி நாற்காலிகளோடு ஓட்டும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லித் தியேட்டர்காரர்கள் மாதம் ஒரு ஞாயிறு காலையில் ஒரு பழைய ஹாலிவுட் படத்தை, தமிழ் எழுத்தோடு, பெரிய திரையில் போட்டுப் பார்க்கலாம். ‘மெக்கன்னாஸ் கோல்ட்’டில் ஆரம்பியுங்கள். முதல் வரிசை டிக்கெட்டை ரிட்டயரான ஷிப்டு ஆட்களே வாங்கிவிடுவார்கள்.