14-ம் 18-ம் இடம் மாறினால்...

மும்பை கோவண்டியில் ஒருவருக்குக் கழுத்தில் நெறி கட்டினால், முதலில் வரும் சந்தேகம் காசநோய்தான். அதில் தவறில்லை. குடிசைகள் நெருங்கிய அந்தப் பகுதியில் காசநோய் அதிகம். ஆனால் அதே இடத்தில், அதே மாதிரி வீங்கும் இன்னொரு நோயும் உண்டு. அது லிம்போமா. நெறிச் சுரப்பிகளில் வரும் புற்றுநோய்.

இந்த நோயில் ஒரு வகைக்கு, அது தலைகாட்டுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ரத்தத்தில் அடையாளம் தெரியக்கூடும் என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள்.

மாறிக் கோத்த வேகன்

மனித செல்லுக்குள் 46 குரோமோசோம்கள், 23 ஜோடிகளாக இருக்கின்றன. வெள்ளை அணுக்களில் ஒரு வகை உருவாகும்போது, சில சமயம் 14-வது குரோமோசோமின் துண்டும் 18-வதன் துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. கூட்ஸ் வண்டியில் வேகனை மாற்றிக் கோத்தது போல! அப்படி மாறிய அணு, சாக வேண்டிய காலத்தில் சாவதில்லை. 'பாலிகுலர் லிம்போமா' நோயாளிகளில் பெரும்பாலோரிடம் இந்த மாற்றம் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், நோயே இல்லாத பலருடைய ரத்தத்திலும் இது உண்டு. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த நோய் வருவதே இல்லை.

அப்படியானால் யாருக்கு ஆபத்து? ஐரோப்பாவில் ஆரோக்கியமானவர்களிடம் எடுத்த ரத்தத்தை ஆண்டுக்கணக்கில் பாதுகாத்து வைத்திருந்தார்கள். பிற்பாடு நோய் வந்தவர்களின் பழைய ரத்தத்தைச் சோதித்தார்கள். 10 ஆயிரம் அணுக்களில் ஒன்றுக்கு மேல் மாறியிருந்தவர்களுக்கு ஆபத்து 23 மடங்கு என்று 2014-ல் முடிவு வெளியாயிற்று. 23 மடங்கு என்றதும் பயப்பட வேண்டாம். நோயே அபூர்வமானது, அபூர்வத்தின் 23 மடங்கும் சிறிய தொகைதான்.

பக்கத்தில் நடந்த ஆராய்ச்சி

கதிர்வீச்சும் குரோமோசோமை உடைக்கும். கேரளத்தின் கொல்லம் கடற்கரை மணலில், நம் மணவாளக்குறிச்சி மணலைப் போலவே, தோரியம் கலந்திருக்கிறது. கோவண்டியை அடுத்த டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார், அந்தக் கரையோரத்தில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தார்கள். மற்ற ஊர்க் குழந்தைகளையும் சேர்த்து 10 ஆயிரத்துக்கும் மேல். குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று 1999-ல் எழுதினார்கள். அதே கரையில் உள்ள கருநாகப்பள்ளியில் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடவில்லை என்று 2009-ல் இன்னொரு ஆய்வும் சொன்னது.

ஆகவே ஆரோக்கியமாக இருப்பவர் இந்தச் சோதனைக்காகப் பணம் செலவழிப்பது வீண். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வலியில்லாத கட்டி வாரக்கணக்கில் கரையாமல் இருந்தால்தான் கவனம் வேண்டும். இரவில் வேர்த்துக்கொட்டுவது, உடல் இளைப்பது காசநோயிலும் உண்டு, லிம்போமாவிலும் உண்டு. ஊசியால் எடுக்கும் துளி பல சமயம் போதாது. சுரப்பியையே எடுத்துச் சோதித்தால்தான் தெரியும்.

கோவண்டியில் ஏறி, குர்லாவில் வண்டி மாறினால் பரேல். அங்கேதான் 1941-ல் திறக்கப்பட்ட டாட்டா ஆஸ்பத்திரி இருக்கிறது. காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாக அதை நிறுத்தாமல், மருந்துச் சீட்டையும் எக்ஸ்ரேயையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.