முட்டை ஓடும் எரிவாயு டேங்கரும்

லாரித் தொழிலுக்குப் பேர்போன சங்ககிரி, நாமக்கல் வட்டாரங்களின் சாலைகளில் முட்டை லாரியையும் சமையல் எரிவாயு டேங்கரையும் நாள்தோறும் காணலாம். ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாகத் தோன்றினும், அந்த முட்டையும் டேங்கரும் மெல்லிய, குவிந்த சுவரால் சுமை தாங்கும் ஓட்டு அமைப்புகள் என்ற ஒரே இனத்தைச் சேர்ந்தவை.

இரு முனைகளில் தாங்கப்பட்ட தட்டைப் பலகையின் நடுவில் எடை ஏற்றினால் அது வளைகிறது. மேற்பரப்பு அமுங்க, அடிப்பரப்பு இழுபட, இடைப்பகுதி ஏறத்தாழ வேலையின்றிக் கிடப்பதால், வளையாமலிருக்கப் பலகைக்குத் தடிமன் வேண்டும். குவிந்த ஓட்டிலோ, பரவலாக விழும் சுமை பரப்பின் வழியாகவே நாற்புறமும் கடத்தப்படுவதால், முழுத் தடிமனும் ஒரே சீராக அமுக்கத்தையோ இழுவையையோ ஏற்கிறது. இவ்வாறு பரப்பையொட்டி ஓடும் விசைக்குச் சவ்வு விசை என்று பெயர்.

ஏறத்தாழ 4.5 செ.மீ. அகலமுள்ள கோழி முட்டையின் ஓடு 0.3 முதல் 0.4 மி.மீ. தடிமனே உடையது. அதன் பெரும்பகுதி, சங்ககிரிப் பகுதியில் சிமென்டுக்காக வெட்டப்படும் சுண்ணாம்புக்கல்லின் முதன்மைக் கூறான கால்சியம் கார்பனேட். அது அமுக்கத்தை நன்கு தாங்கும், இழுவைக்கு எளிதில் விரிசல் விடும். உள்ளங்கையால் பொத்தி அமுக்கும்போது தாங்கும் ஓடு, கிண்ணத்தின் விளிம்பில் தட்டியதும் உடைவதற்குக் காரணம், ஒரே இடத்தில் குவியும் சுமை ஓட்டை அங்கே உள்நோக்கி வளைத்து, அதன் உட்பரப்பை இழுபடச் செய்வதே. குஞ்சு தன் அலகு நுனியிலுள்ள முட்டைப்பல்லால் உள்ளிருந்து குத்தும்போது, அதேபோல் வெளிப்பரப்பு இழுபட்டு ஓடு திறக்கிறது. 30 முட்டை கொள்ளும் அட்டையின் குழிகள், கூர்முனை கீழாக வைக்கப்படும் முட்டையைச் சரிவான பக்கங்களால் சுற்றிலும் தாங்கி, சுமை ஒரு புள்ளியில் சேராமல் காக்கின்றன.

டேங்கரிலோ சுமை உள்ளிருந்து வருகிறது. அழுத்தத்தால் திரவமாக்கப்பட்ட எரிவாயு எல்லாத் திசைகளிலும் தள்ளுவதால், எஃகு உருளை முழுவதும் இழுவையில் நிற்கிறது. அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கித் தகட்டின் தடிமனால் வகுத்தால், சுற்றுவாக்கில் எழும் தகைவு, அதாவது ஓரலகுப் பரப்பு தாங்கும் விசை, கிடைக்கும். நீளவாக்கில் எழுவது அதில் பாதியே என்பதால், உருளையின் நீளவாக்கில் ஓடும் வெல்டிங் மூட்டே கூடுதல் தகைவைச் சுமக்கிறது. முனைகளைத் தட்டையாக அடைத்தால் அவை வளையும், அதைத் தடுக்க மிகத் தடித்த தகடு தேவைப்படும் என்பதால், அவை வெளிப்புறம் குவிந்த மூடிகளால் அடைக்கப்படுகின்றன.

எனினும் ஓட்டில் வளைதல் முற்றிலும் ஒழிவதில்லை. உருளையும் மூடியும் அழுத்தத்தால் வெவ்வேறு அளவில் விரிய முயல்வதால், அவை சேரும் இடத்தில் சிறிது வளைதல் எழுந்தே தீரும். தாங்கிகளின் மேலும், துளையிட்ட இடங்களைச் சுற்றியும் அது மீண்டும் தலைகாட்டும். ஆகவே ஓட்டமைப்பை வடிவமைக்கும் பொறியாளர், தானே சுமையைக் கடத்திவிடும் நடுப்பரப்பைவிட, விளிம்புகளிலும் சேர்மானங்களிலும் மிகுந்த கவனம் செலுத்துகிறார்.