ரேடியோ செட் காந்தமும் 50,000 டன் காந்தமும்

பண்ணைப்புரம்னு சொன்னா எல்லாருக்கும் இளையராஜாதான் ஞாபகத்துக்கு வருவார். எனக்குக் கூடவே காந்தமும் ஞாபகம் வரும். காரணம் இருக்கு. பக்கத்துல, தேவாரத்தை ஒட்டியிருக்கிற பொட்டிப்புரத்துலதான் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு இடம் தேர்ந்தெடுத்தாங்க. அதுக்காகத் திட்டமிட்ட ஐகால் கருவி, 50,000 டன் இரும்பாலான ஒரு மின்காந்தம். செர்ன் ஆய்வகத்தின் சி.எம்.எஸ். கருவியே ஏறக்குறைய 14,000 டன்தான்.

"அவ்வளவு பெரிய காந்தம்னா பஸ்ஸையே இழுத்துடாதா?" இந்தக் கேள்வியை டீக்கடையில கேட்டிருக்கேன். சிரிச்சுட்டுப் போற கேள்வி இல்ல இது. காந்தத்தை வெச்சு எந்தப் பொருளை வடிவமைச்சாலும் முதல்ல கேட்க வேண்டியதே இதுதான்: புலம் எங்கே போகணும், எங்கே போகக்கூடாது?

திருவிழாவுல கட்டுற ஒலிபெருக்கியை எடுத்துக்குங்க. உள்ளே ஒரு காந்தம், அதைச் சுத்தி இரும்பு. காந்தப்புலத்துக்கு இரும்பு வாய்க்கால் மாதிரி. காத்துல போறதைவிட இரும்புக்குள்ள போறது அதுக்கு ரொம்ப சுலபம். அந்த வாய்க்காலில் வேணும்னே ஒரு மெல்லிய வட்ட இடைவெளி விடுறாங்க. புலம் அங்கே செறிவா பாயும். அந்த இடைவெளியில் தொங்குற கம்பிச்சுருள் அசையுது, பாட்டு கேட்குது.

ஐகால் இதுக்கு நேர் எதிர். இங்கே புலம் இரும்பை விட்டு வெளியே வரவே கூடாது. 5.6 செ.மீ. தடிமனான தகடுகளை, நடுவில் 4 செ.மீ. இடைவெளி விட்டு, சுமார் 150 அடுக்கா அடுக்குறது திட்டம். செம்புச் சுருளில் மின்சாரம் பாய்ஞ்சா, புலம் தகட்டுக்குள்ளேயே சுத்தி வந்து மூடிக்கும். இடைவெளிகளில் கண்ணாடித் தகடுகளாலான உணர்கருவிகள் இருக்கும். புலத்தோட வலிமை சுமார் 1.5 டெஸ்லா. நல்ல ஒலிபெருக்கியின் இடைவெளியிலும் ஒரு டெஸ்லா அளவுக்கு இருக்கும். ஆக, வித்தியாசம் வலிமையில் பெருசா இல்ல. அது நிரம்பியிருக்கிற பரப்பில்தான். பஸ் பத்திரம்.

எதுக்கு இந்தப் புலம்? நியூட்ரினோ இரும்பில் மோதினா மியூவான் பிறக்கும். எதிர்-நியூட்ரினோ மோதினா எதிர்மின்னேற்றத்துக்குப் பதிலா நேர்மின்னேற்றம் கொண்ட மியூவான் வரும். காந்தப்புலத்தில் ஒண்ணு இந்தப் பக்கம் வளையும், இன்னொண்ணு அந்தப் பக்கம். வளைவைப் பார்த்தே வந்தது எதுன்னு பிரிச்சுடலாம். அதாவது ஒரே இரும்பு இலக்காவும் இருக்கு, காந்தமாவும் இருக்கு. சிக்கனமான வடிவமைப்பு!

மதுரையில் 85 டன்னில் இதோட சின்ன மாதிரி, மினி ஐகால், 2018 முதல் இயங்குது. தகடுகள் சேருற இடத்தில் சில மில்லிமீட்டர் காத்து இருந்தாலும் புலம் குறையும்; அதை அங்கே அளந்து பார்க்கிறாங்க.

பெரிய காந்தம் மட்டும் வரல. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடிக்கு ஒப்புதல் கொடுத்தது. 2017-ல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வெச்சது. 2018-ல் மத்திய அரசு மறுபடியும் அனுமதி தந்தது. 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைப் பதிவு செஞ்சது.

காந்தம் இழுக்குமாங்கிற பயத்துக்கு இயற்பியல் பதில் சொல்லிடும். ஆனா ஊர்க்காரங்களோட மற்ற கேள்விகள் மலையைப் பத்தினது: ஏறக்குறைய 2 கி.மீ. சுரங்கம், அதுக்கு வைக்கிற வெடி, தண்ணி, காடு. முதல் கேள்விக்குப் பதில் சொல்லிட்டு, இரண்டாவதுக்கும் சொல்லியாச்சுன்னு நினைச்சா அது தப்பு. புலத்தை இரும்புக்குள்ள அடைச்சுடலாம். சந்தேகத்தை அப்படி அடைக்க முடியாது. உட்கார்ந்து பேசித்தான் ஆகணும்.