பிரேக் உரசல் ஒலி (எஸ்யூவி வண்டிகள்)

பிரேக் உரசல் ஒலி என்பது காரின் பிரேக்கை மிதிக்கும்போது சக்கரத்தின் அருகே எழும் கரகரவென்ற ஓசையைக் குறிக்கும். இரும்பும் இரும்பும் உராய்வதுபோல் கேட்கும். பெரும்பாலான நேரங்களில் உண்மையிலேயே நடப்பதும் அதுதான்: பிரேக் பேட் தேய்ந்து தீர்ந்து, அதன் பின்புற இரும்புத் தகடு டிஸ்க்கின்மீது உராய்கிறது. பேட்டை மாற்றினால் ஒலி நின்றுவிடும். ஆனால் அது ஏன் அவ்வளவு விரைவாகத் தேய்ந்தது என்று பார்க்காமல் விட்டால், சில மாதங்களில் அதே ஒலி திரும்பி வரும்.

எஸ்யூவி வண்டிகளில் இதைக் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டும், காரணம் எடை. ஏழு பேரும் பெட்டிகளும் ஏறிய வண்டி 2,000 கிலோ எனக் கொண்டால், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 1.23 லட்சம் ஜூல். 80 கி.மீ. வேகத்தில் அது இரு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்காகிறது. அதாவது சுமார் 4.94 லட்சம் ஜூல். ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பம் இது. ஒரே ஒருமுறை வண்டியை நிறுத்தும்போது இதில் பெரும்பகுதியை பேட்டும் டிஸ்க்கும் ஏற்க வேண்டும். நிறுத்தும்போது வண்டியின் எடை முன்னோக்கிச் சாய்வதால், முன்சக்கர பிரேக்குகளே அதிக வேலை செய்கின்றன. அவையே முதலில் தேய்கின்றன.

ஒலியை இனங்காணுதல்

எல்லா ஒலியும் ஆபத்தானதல்ல. மழை பெய்த மறுநாள் காலையில் முதல் சில மிதிப்புகளில் மட்டும் உரசல் கேட்டு, பிறகு மறைந்தால் அது டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு. சரளைக்கல்லிலோ வழுக்கும் சாலையிலோ திடீரென மிதிக்கும்போது கடகடவென்ற ஒலியுடன் மிதியும் அதிர்ந்தால், ஏபிஎஸ் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள்.

பிரேக்கை மிதிக்காமலே சக்கரத்தின் சுழற்சிக்கு ஏற்பத் தகரம் உரசும் ஒலி வந்தால், டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள மெல்லிய தகட்டுக்கும் இடையே சிறு கல் சிக்கியிருக்கலாம். அல்லது தகடு வளைந்திருக்கலாம். வேகத்தோடு கூடும் முரல் ஒலி வளைவுகளில் மாறினால் சக்கர பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

கீச்சென்ற கூர்மையான ஒலி வேறு. பல பேட்டுகளில் ஒரு சிறு இரும்பு நாக்கு பொருத்தப்பட்டிருக்கும். பேட் மெலிந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். இது முன்னெச்சரிக்கை. இதைப் பொருட்படுத்தாமல் ஓட்டியவர்களே பெரும்பாலும் அடுத்த கட்டமான கரகர ஒலியைக் கேட்கிறார்கள். அந்தக் கட்டத்தில் நெடும்பயணமோ மலைப்பாதை இறக்கமோ கூடாது. டிஸ்க்கில் பள்ளம் விழும்; நிற்கும் தூரம் கூடும்; பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே வந்து பிரேக் ஆயில் கசியவும் கூடும்.

காரணத்தைக் கண்டறிதல்

அலாய் சக்கரத்தின் இடைவெளி வழியே வெளிப்புற பேட்டைப் பார்த்துவிட்டு, இன்னும் தடிமன் இருக்கிறது என்று திருப்தி அடைவது பலர் செய்யும் தவறு. தேய்ந்து தீர்ந்திருப்பது உட்புற பேட்டாக இருக்கலாம். சக்கரத்தைக் கழற்றாமல் அது சரிவரத் தெரியாது.

பெரும்பாலான வண்டிகளில் காலிப்பரின் உட்பக்கம் மட்டுமே பிஸ்டன் உண்டு. அது உட்புற பேட்டைத் தள்ளும். அதன் எதிர்விசையால் காலிப்பர் முழுவதும் இரண்டு ஸ்லைடு பின்களின்மீது நகர்ந்து வெளிப்புற பேட்டை இழுத்து அழுத்தும். ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் புகுந்து பின் துருப்பிடித்தால் காலிப்பர் நகராது. அப்போது ஒரே சக்கரத்தின் இரு பேட்டுகளில் ஒன்று, பெரும்பாலும் உட்புறத்தது, மிக அதிகமாகத் தேய்ந்திருக்கும். இரண்டுமே ஒரே அளவில் தேய்ந்து, எதிர்ப்பக்கச் சக்கரத்தின் பேட்டுகள் மட்டும் நன்றாக இருந்தால், பிஸ்டன் பின்வாங்காமல் சிக்கிக்கொள்கிறது என ஐயுறலாம். ஆக, கழற்றிய நான்கு பேட்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும்.

புதிய பேட்டின் உராய்வுப் பகுதி சுமார் 10 முதல் 12 மி.மீ. இருக்கும், 3 மி.மீ. அளவுக்கு வந்ததும் மாற்றிவிடுவது நல்லது. டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் அதன்மீதே பொறிக்கப்பட்டிருக்கும். அளந்து பார்த்து அதற்குக் கீழே இருந்தால் லேத்தில் சீவுவதில் பயனில்லை. புதிய டிஸ்க்தான் தீர்வு.

சரிசெய்தல்

பேட்டுகளை எப்போதும் இடம் வலம் இரு சக்கரங்களுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சக்கர நட்டுகளைத் தளர்த்திய பிறகே ஜாக்கி ஏற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. தாங்கி நிறுத்தும் ஸ்டாண்ட் அவசியம்.

கழற்றிய காலிப்பரை அதன் ஆயில் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைக்க வேண்டும். பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் தொட்டியின் மட்டம் உயரும். இடையில் யாராவது ஆயில் ஊற்றி நிரப்பியிருந்தால் அது வழிந்து பெயிண்ட்டைக் கெடுக்கும். ஸ்லைடு பின்களைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸைப் பூச வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். பின்சக்கரத்தில் மின்சார ஹேண்ட் பிரேக் உள்ள வண்டிகளில் பிஸ்டனை இப்படித் தள்ளவே கூடாது. முதலில் அதைப் பராமரிப்பு நிலைக்கு மாற்ற வேண்டும். அது ஒர்க்‌ஷாப் வேலை.

வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்துவதற்கு முன்பே, மிதி கெட்டியாகும்வரை பலமுறை மிதிக்க வேண்டும். இதை மறந்தால் முதல் மிதிப்பு தரைவரை இறங்கிவிடும், வண்டி நிற்காது. பின்னர் ஆளில்லாத சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 15 கி.மீ. வரை மிதமாகக் குறைத்து, இடையே ஆறவிட்டு, எட்டுப் பத்து முறை செய்தால் பேட் டிஸ்க்கோடு படிந்துவிடும்.

பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விடுவதே சரி. ஆனால் வண்டியை எடுக்கும்போது பழைய பேட்டுகளைக் கேட்டு வாங்கிப் பார்த்து, ஸ்லைடு பின்கள் கையால் தள்ளினால் தடையின்றி நகர்ந்தனவா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.