சுவரும் சித்திரமும்

குடும்பத்தில் பணமுடை நேரும்போது முதலில் நிறுத்தப்படும் செலவு எது? அரிசியும் பருப்பும் நிற்பதில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் பாட்டியின் மருந்தும் நிற்பதில்லை. மகளின் பாட்டு வகுப்புத்தான் நிற்கின்றது. "சுவர் இருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம்" என்று தாய் பெருமூச்சு விடுகின்றாள். அவளைக் குறைகூற எவருக்கும் மனம் வராது.

ஒரு குடும்பத்துக்குப் பொருந்தும் இந்நியாயம் ஒரு மாநகரத்துக்கும் அப்படியே பொருந்துமா? ஊரார் செலுத்தும் வரிப்பணத்திலிருந்து பாட்டுக்கும் கூத்துக்கும் ஓவியத்துக்கும் மானியம் கொடுப்பது முறையா? குப்பை அள்ளவும் முதியோரைப் பேணவும் பணம் போதாதபோது அம்மானியத்தைத்தானே முதலில் வெட்ட வேண்டும்? இவ்வினாக்கள் அண்மையில் இங்கிலாந்து நாட்டின் பர்மிங்காம் மாநகரில் எழுந்தன. 11 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் அந்நகரத்தின் வரலாற்றைச் சற்று ஆழ்ந்து நோக்கினால், நாம் எதிர்பாராத விடை ஒன்று கிடைக்கின்றது.

நோயாளிகளுக்காகப் பாடிய நகரம்

18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பர்மிங்காம் நகரத்து நல்லோர் சிலர் ஏழை நோயாளிகளுக்கென ஒரு பொது மருத்துவமனை கட்டத் தொடங்கினர். சுவர்கள் எழும்பும்போதே கைப்பணம் தீர்ந்துவிட்டது. வேலை பாதியில் நின்றது. மருத்துவமனைகளுக்கு அரசாங்கம் பணம் கொடுக்காத காலம் அது. அப்போது அவர்கள் என்ன செய்தார்கள்? 1768-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் மூன்று நாள் இசைவிழா ஒன்றை நடத்தி, அதன் வருவாயை மருத்துவமனைக்குச் சேர்த்தார்கள். 1778-இல் மற்றுமொரு விழா நடைபெற்றது. மறு ஆண்டில், அதாவது 1779-இல், மருத்துவமனையின் கதவுகள் திறந்தன.

1784 முதல் மூன்று ஆண்டுகளுக்கொருமுறை இவ்விழாவை நடத்துவது வழக்கமாயிற்று. மக்கள் திரளுக்கு இடம் போதாமையால் நகரில் பெரிய மண்டபம் ஒன்று எழுப்பப்பெற்று, 1834-ஆம் ஆண்டு விழாவோடு திறக்கப்பட்டது. நகர மண்டபம் எனும் பெயருடன் அது இன்றும் நிற்கின்றது. எலியா இறைவாக்கினரின் வரலாற்றை மெண்டல்சன் எனும் ஜெர்மானிய இசைமேதை பெரும் இசைக்காவியமாக வடித்து, 1846-இல் அம்மண்டபத்தில்தான் முதன்முதலாக அரங்கேற்றினார்.

கத்தோலிக்கராகிய நமக்கு உவப்பான செய்தி ஒன்றும் இங்கே உண்டு. பர்மிங்காமில் ஒரட்டோரி துறவற இல்லத்தை நிறுவி, அங்கேயே வாழ்ந்து மறைந்தவர் கர்தினால் நியூமன். 2019-இல் புனிதராக உயர்த்தப்பட்டவர். ஓர் ஆன்மா உடலைவிட்டுப் பிரிந்து இறைவனின் திருமுன் செல்லும் பயணத்தைப் பாடிய அவருடைய 'ஜெரோன்ஷியஸின் கனவு' எனும் கவிதைக்கு எட்வர்ட் எல்கர் எனும் கத்தோலிக்க இசைஞர் இசையமைத்தார். அப்படைப்பு 1900-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் இதே விழாவில் அரங்கேறியது. பாடகர்குழு போதிய பயிற்சி பெறாமையால் அன்றைய அரங்கேற்றம் சோபிக்கவில்லை. எனினும் ஆங்கில நாட்டின் தலைசிறந்த இசைப்படைப்புக்களுள் ஒன்றாக அது பின்னர் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

இவ்விழாக்களின் நோக்கம் மருத்துவமனைக்குப் பொருள் சேர்ப்பதே என்பதை நாம் மறவாதிருப்போமாக.

வரிப்பணத்தில் இசைக்குழு

1870-களில் ஜோசப் சேம்பர்லேன் என்பவர் மேயராக இருந்தபோது, தனியார் கம்பெனிகளிடமிருந்த எரிவாயு, குடிநீர் வசதிகளை நகரசபையே விலைக்கு வாங்கிற்று. எரிவாயு விற்பனையில் நல்ல இலாபம் கிடைத்தது. நகரத்துக்கு ஓர் ஓவியக்கூடம் வேண்டுமென்று பலரும் விரும்பினர். ஆனால் நூலகத்துக்கும் கலைக்கூடத்துக்கும் வரிப்பணத்தில் ஒரு சிறு தொகைக்கு மேல் செலவிடக் கூடாதென்று அன்றைய சட்டம் தடுத்தது. நகரசபையார் ஒரு வழி கண்டனர். எரிவாயுத் துறைக்கென அலுவலகம் ஒன்றை அதன் இலாபத்தைக் கொண்டே கட்டி, அதன் மாடியில் ஓவியக்கூடத்தை அமைத்தனர். 1885-இல் அது திறக்கப்பட்டது. தொழிலின் ஆதாயத்தால் கலையை வளர்க்கின்றோம் எனும் பொருள்பட ஒரு வாசகத்தையும் கல்லில் பொறித்து வைத்தனர்.

ஜோசப் சேம்பர்லேனின் மகன் நெவில் சேம்பர்லேன், முதல் உலகப்போரின்போது அதே நகரத்துக்கு மேயரானார். பிற்காலத்தில் நாட்டின் பிரதம மந்திரியானவர் அவரே. வரிப்பண உதவியுடன் நகரத்துக்கெனச் சொந்த இசைக்குழு ஒன்று வேண்டுமென்று அவர் வற்புறுத்தினார். பழைய இசைவிழா 1912-ஆம் ஆண்டோடு நின்றுபோயிருந்த வேளை அது. போர் முடிந்ததும், ஆண்டுக்கு 1,250 பவுன் மானியம் வழங்க மாநகர மன்றம் 1919-இல் தீர்மானித்தது. நகரப் போலீஸ் வாத்தியக் குழுவின் அறையில் புதிய இசைக்குழுவின் முதல் ஒத்திகை நடந்தது. 1920 நவம்பர் 10-ஆம் நாள் எல்கரே வந்து நகர மண்டபத்தில் தம் இசைப்படைப்புக்களை நடத்திக் கொடுத்தார். பின்னாளில் சைமன் ராட்டில் எனும் இளைஞர் 1980 முதல் 18 ஆண்டுகள் இக்குழுவை நடத்தி, அதன் புகழை உலகறியச் செய்தார்.

இங்கிலாந்தின் நகரசபைகள் எல்லாவற்றுக்கும் இவ்வாறு கலைக்குச் செலவிடும் அதிகாரத்தை 1948-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் அளித்தது. ஒரு பவுன் வரிமதிப்புக்கு ஆறு பென்ஸ் வரை செலவிடலாம் என்பது அன்றைய விதி. 'செலவிடலாம்' என்பதைக் கவனியுங்கள். 'செலவிட வேண்டும்' என்றில்லை. முதியோரைப் பேணுதலும் குப்பை அகற்றுதலும் நகரசபையின் கட்டாயக் கடமைகள். கலை மானியமோ விருப்பத்தின்பாற்பட்டது. பணம் தட்டும்போது கத்தி முதலில் எங்கே பாயும் என்பதை இந்த ஒரு சொல்லே தீர்மானித்துவிடுகின்றது.

அம்மானியம் செல்வர்களின் பொழுதுபோக்குக்கு மட்டும் பயன்பட்டது என எண்ணலாகாது. மானியம் பெற்றவற்றுள் ஒன்று பர்மிங்காம் இசைநாடகக் குழு. 1987-இல் கிரஹாம் விக் எனும் இயக்குநர் தொடங்கிய இக்குழுவுக்குச் சொந்த அரங்கம் கிடையாது. மூடப்பட்ட தொழிற்சாலைகளிலும் வெற்றுக் கிடங்குகளிலும் மேடையின்றி நாடகம் நடத்துவார்கள். தொழில்முறைப் பாடகர்களுக்கு அருகிலேயே அந்நகரத்துச் சாதாரண மக்கள் நின்று பாடுவார்கள், நடிப்பார்கள். 2012-இல் ஒரு பழைய இரசாயனத் தொழிற்சாலையில் இவர்கள் அரங்கேற்றிய ஸ்டாக்ஹவுசனின் இசைநாடகத்தில், நான்கு கலைஞர்கள் நான்கு ஹெலிகாப்டர்களில் பறந்துகொண்டே வாசித்தனர்! மானியம் பெற்ற மற்றொன்று, 1990-இல் தொடங்கிய 'சம்பத்' எனும் அமைப்பு. நம் பரதநாட்டியம் உள்ளிட்ட தென் ஆசியக் கலைகளை அந்நகரில் வளர்த்து வருவது அதுவே. குடியேறிய பெற்றோருக்குப் பிறந்து, தாய்நாட்டைக் கண்டிராத பிள்ளைகள், தங்கள் முன்னோரின் கலையை அயலாரின் முன் தலைநிமிர்ந்து ஆடிக்காட்ட முடிகின்றதென்றால், அதில் ஊர்ப்பணத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

சுவரில் கண்ட விரிசல்

2023 செப்டம்பர் 5-ஆம் நாள், தன்னிடம் பணமில்லை என்று பர்மிங்காம் மாநகராட்சி அறிவித்தது. சட்டக் கடமைகளைத் தவிரப் புதிய செலவு எதுவும் செய்யலாகாது என்பது அவ்வறிவிப்பின் பொருள். அடுத்த இரண்டு ஆண்டுகளில் 30 கோடி பவுன் அளவுக்குச் சிக்கனம் செய்யத் திட்டமிட்டார்கள். 2024-இல் வீட்டுவரி ஏறத்தாழ 10 சதவீதமும், 2025-இல் ஏறத்தாழ ஏழரை சதவீதமும் உயர்ந்தது. கலை மானியம் முதலாண்டில் பாதியாயிற்று; மறு ஆண்டில் முற்றிலும் நின்றது. நூறாண்டு கண்ட இசைக்குழு, நாடக அரங்கம், பாலே நடனக் குழு, ஓவியக்கூடம், தெருவாரும் சேர்ந்து பாடிய இசைநாடகக் குழு, 'சம்பத்' ஆகிய யாவும் இவ்வெட்டுக்கு உள்ளாயின.

இப்பெருங்கடன் எங்கிருந்து வந்தது? மத்திய அரசு ஆண்டுதோறும் உதவித்தொகையைக் குறைத்து வந்தது ஒரு காரணம். புதிய கணினி ஏற்பாடு ஒன்று பழுதாகிப் பெருஞ்செலவு வைத்தது மற்றொன்று. ஆனால் முதன்மையானது வேறு. மாநகராட்சியில் துப்புரவு, சமையல், முதியோர் பராமரிப்பு முதலிய வேலைகளைச் செய்துவந்த பெண்களுக்கு, சமமதிப்புள்ள வேலை செய்த ஆண்களுக்கு இணையான ஊதியம் வழங்கப்படவில்லை. 170-க்கும் மேற்பட்ட முன்னாள் பணியாளர்களின் வழக்கில், நாட்டின் உச்சநீதிமன்றம் 2012-இல் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 110 கோடி பவுன் கொடுத்த பின்னரும், மேலும் 65 கோடி முதல் 76 கோடி பவுன் வரை கொடுக்க நேரிடலாம் என்று 2023-இல் மாநகராட்சியே கணக்கிட்டது.

வேலையாளின் கூலி வேலையாளுக்கே உரியது. அதற்கு முன் எந்த இசையும் நில்லாது. அப்பெண்களின் கூலியா, கலையா என்று கேட்டால் கூலியே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவ்வாறு கேட்பதே பிழையன்றோ? கலைக்குக் கொடுத்ததனால் அவர்களுடைய கூலி குறையவில்லை. கொடுக்க வேண்டியதை உரிய காலத்தில் கொடாத அநீதி ஆண்டுகள்தோறும் வட்டிபோல் வளர்ந்து, இறுதியில் நகரத்தையே விழுங்கிற்று. சித்திரத்தின் பாரத்தால் சுவர் விரிசல் காணவில்லை. அடித்தளத்தில் நியாயம் குறைந்தமையால் விரிசல் கண்டது.

எது சுவர்? எது சித்திரம்?

மானியம் என்றால் கேள்விமுறையின்றிக் கொடுப்பது என்று பொருளன்று. வாங்கியவர் கணக்குக் காட்ட வேண்டும். அதன் பயன் வறியோர் வாழும் தெருக்களுக்கும் சென்று சேர வேண்டும். பஞ்ச காலத்தில் அதைக் குறைப்பதும் நியாயமே. ஆனால் குறைப்பது வேறு; வேரோடு பிடுங்குவது வேறு. மானியம் நின்றதனால் செல்வரின் காதுக்கு இசை கிட்டாமற் போகாது. அவர் சீட்டு வாங்கிக் கேட்பார். பழைய தொழிற்சாலையில் அயலாரோடு தோளுரசி நின்று பாடிய தொழிலாளியின் குரலுக்குத்தான் நாளை இடம் எது என்று தெரியவில்லை.

1768-இல் அந்நகரத்தார் 'மருத்துவமனையா, இசையா' என்று கேட்கவில்லை. பாதியில் நின்ற சுவரை இசையைக் கொண்டு எழுப்பினார்கள். ஒன்றுகூடிப் பாடத் தெரிந்த ஊருக்கு ஒன்றுகூடி நோயாளியைப் பேணவும் தெரியும். சித்திரம் சுவருக்கு அலங்காரம் மட்டுமன்று. சிலவேளை அதுவே சுவரையும் எழுப்பித் தருகின்றது.

ஆகவே அடுத்தமுறை வீட்டில் கை கடிக்கும்போது, மகளின் பாட்டு வகுப்பை நிறுத்துமுன் தாய் தந்தையர் ஒருமுறை சிந்திப்பாராக. நிறுத்தியே ஆகவேண்டுமெனில், அன்று மாலை அவளைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, கற்ற பாட்டை வீட்டில் எல்லோருமாகப் பாடட்டும். அதற்குச் செலவில்லை, சுவரும் உறுதிப்படும்.